வாத்து மேயும் ஏரி, கொக்கு மேயும் கொல்லை

எங்கள் மாதக் கூட்டம் வழக்கமாக யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடக்கும். இந்தத் தை மாதம் அதைக் காரைவெட்டி ஏரிக்கரைக்கு மாற்றினோம். பெரம்பலூர்ப் பக்கத்து மானாவாரிக்காரர்கள் நாலு பேர், திருமானூர்ப் பக்கம் நெல் வைப்பவர்கள் இரண்டு பேர். "பூச்சியைப் பத்தி மூணு வருசமாப் பேசிட்டோம். பூச்சியைத் தின்னுறதைப் பத்தி ஒரு நாளாவது பேச வேண்டாமா?" என்று எங்களில் மூத்தவர் கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களைக் கரையேற்றியது.

முதலில் ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அரியலூர் மாவட்டத்தில், கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் இருக்கிறது காரைவெட்டி. பரப்பு 453.72 எக்டேர், அதாவது சுமார் 1,120 ஏக்கர். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வந்து சேருகிறது. வடகிழக்குப் பருவமழை மீதியை நிரப்புகிறது. 1999-இல் பறவைகள் காப்பிடமாக அறிவித்தார்கள். 2024 சனவரி கடைசியில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ராம்சர் என்பது ஈரான் நாட்டில் ஓர் ஊர். 1971-இல் அங்கே கூடி, உலகத்தின் முக்கியமான நீர்நிலைகளைக் காக்க நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. நம்முடைய ஓர் ஏரி அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதைக் கட்டிக் காத்தது ஆயக்கட்டு உழவர்கள். இந்த இரண்டாவது செய்தியைப் பலகையில் யாரும் எழுதி வைப்பதில்லை, ஆகவே நான் இங்கே எழுதுகிறேன்.

இங்கே இதுவரை 198 வகைப் பறவைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தத் தண்ணீரை வைத்துத்தான் சுற்றுவட்டாரத்தில் நெல்லும் கரும்பும் பருத்தியும் மக்காச்சோளமும் துவரையும் விளைகின்றன. பறவை குடிக்கும் தண்ணீரும் பயிர் குடிக்கும் தண்ணீரும் ஒன்றே. இந்தக் கட்டுரை முழுக்க நான் சுற்றிச் சுற்றி வரப்போவது அதைத்தான்.

மூன்று மணி வெயிலில் பறவை பார்க்க முடியுமா என்று கேட்பீர்கள். காலைதான் நல்லது, உண்மை. ஆனால் வாத்து பார்க்க பிற்பகல் மோசமில்லை. வலசை வரும் வாத்துகளில் பெரும்பாலானவை பகலில் ஏரி நடுவில் கூட்டமாக மிதந்து ஓய்வெடுக்கும், இரவில் மேயும். ஆகவே பகலில் நம் கண்ணெதிரே ஓரிடத்தில் இருக்கும். வெயில் நம் முதுகுக்குப் பின்னால் விழும்படி கரையில் இடம் பார்த்து நிற்க வேண்டும். வெயில் எதிரே விழுந்தால் ஊசிவால் வாத்தும் நாமக்கோழியும் ஒரே கறுப்புப் பொட்டாகத்தான் தெரியும். எட்டு மடங்கு பெருக்கும் இருநோக்கி ஒன்று போதும். அதைவிடப் பெரிதாக வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

பறவைப் பெயரைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். அது ஒரு நாளில் வராது. உழவருக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது: அலகையும் காலையும் பாருங்கள். மண்வெட்டியையும் களைக்கொத்தையும் பார்த்தே அது எந்த வேலைக்கு என்று சொல்லிவிடுவோம் இல்லையா, அதே மாதிரிதான். ஆண்டி வாத்தின் அலகு அகப்பை போல முன்னால் அகன்றிருக்கும். தண்ணீரை அள்ளி, பக்கத்து மயிரிழை போன்ற பற்களில் வடித்து, நுண்ணுயிரையும் விதையையும் எடுத்துக்கொள்ளும். ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம். வாலை வானத்துக்குத் தூக்கிக் கவிழ்ந்து, அடிச் சேற்றைத் துழாவும். களியன் முழுசாக முங்கிவிடும், வேறோரிடத்தில் எழும். குள்ளத்தாரா ஆழம் பார்க்காது, மேலே மிதக்கும் இலையைச் சுற்றியே இருக்கும். பவளக்கால் உள்ளான் கரையோரம் முழங்கால் தண்ணீரில் நடக்கும். கரண்டிவாயன் வாயைத் திறந்து வைத்து இடமும் வலமும் துழாவிக்கொண்டே போகும், மண்வெட்டி போட்டு அண்டை கழிக்கிறவர் மாதிரி.

கவனித்தீர்களா? ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்தில் வேலை பார்க்கிறது. ஒரே ஏரிக்குள் அடுக்கு அடுக்காகப் பல ஊடுபயிர் நிற்கிறது என்று சொல்லலாம். இதில் நமக்கு நேரடியான பாடம் ஒன்று உண்டு. ஏரியில் வண்டல் அள்ளும்போது நம் ஆட்கள் பொக்லைன் வைத்துச் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். கரையிலிருந்து இறங்கினால் நேரே கழுத்தளவு ஆழம். வெட்டின ஆளுக்கு லோடு கணக்கு. ஆனால் முக்கால் பங்குப் பறவைகளுக்குத் தேவை ஓரடிக்கும் குறைவான ஆழமே. மீன் முட்டையிடுவதும், தவளைக் குஞ்சு வளர்வதும் அந்த ஓரத் தண்ணீரில்தான். மாடு இறங்கித் தண்ணீர் குடிப்பதும் அங்கேதான். வண்டல் எடுங்கள், அது நம் கொல்லைக்கு வரம். நடுவில் எடுங்கள். ஓரத்துச் சரிவை விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் ஏரியில் வண்டல் அள்ளும் நாளன்று இரண்டு உழவர்கள் கரையில் நின்றால் போதும், இதைச் செய்ய வைக்கலாம்.

நாலரை மணி இருக்கும். ஏரி நடுவில் இருந்த கூட்டம் திடீரென்று ஒரே மூச்சில் எழும்பியது. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து வந்திருந்தது. அதுவரை இருநூறு முந்நூறு இருக்கும் என்று நாங்கள் நினைத்த கூட்டம், எழும்பினபோதுதான் ஆயிரத்தைத் தாண்டும் என்று தெரிந்தது. இறக்கைச் சத்தம் மழை வருவது மாதிரி இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, பருந்து போனதும் மறுபடி அதே இடத்தில் இறங்கின. பெரும்பாலும் நீலச்சிறகு வாத்துகள். மண்டபக் கோபுரம் தாண்டாத நம்மைப் பார்த்து அவை சிரிக்கலாம். வடக்கே ஆசியாவின் நடுப்பகுதியையும் தாண்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்துக்கு இங்கே வருகின்றன. இந்த ஏரிக்குப் பேர் வாங்கித் தந்த வரித்தலை வாத்து திபெத், மங்கோலியா மேட்டுநிலத்தில் முட்டையிடுவது. இமயமலையைத் தாண்டித்தான் இங்கே வந்தாக வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் 7,000 மீட்டரையும் தாண்டி அது பறப்பதைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். காற்றில் உயிர்வளி நமக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லாத உயரம் அது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. திருநீறு பூசின நெற்றியைப் பின்னால் மாற்றி வைத்த மாதிரி இருக்கும். அன்றைக்கு எங்களுக்கு அது கிடைக்கவில்லை. கிடைக்காத பறவையும் பாடத்தில் சேர்த்தி.

மதகுப் பக்கம் நடந்தபோது ஆயக்கட்டு உழவர் ஒருவரைப் பார்த்தோம். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். சைக்கிளில் உரச்சாக்கில் புல் கட்டி வைத்திருந்தார். நாங்கள் இருநோக்கியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "பட்டணத்து ஆளுங்களா?" என்றார். இல்லை அய்யா, நாங்களும் சம்சாரிதான் என்றோம். அப்புறம்தான் மனசு விட்டுப் பேசினார்.

"சம்சாரின்னா சொல்றேன் கேளு தம்பி. இந்த நீலக்கோழி இருக்கு பாரு, ராத்திரி வந்து தூரைத் தூரைப் புடுங்கி, குருத்தை மட்டும் தின்னுட்டு வீசிட்டுப் போவுது. வாத்து வந்து நாத்தங்காலை மிதிக்குது. வெரட்டலாம், கல்லெறியக் கூடாது. ஃபாரஸ்ட்டுக்காரன் கேப்பான். நட்டத்தை யாரு தர்றது?"

"அப்ப இந்தப் பறவை வேண்டாங்கிறீங்களா அய்யா?"

"அப்படிச் சொல்லலையே. எங்கப்பா காலத்துலேர்ந்து வருது. வராத வருசம் ஏரி வத்தின வருசம். அது வரலன்னா எனக்கும் தண்ணி இல்லன்னு அர்த்தம்."

இந்த இரண்டு பேச்சையும் சேர்த்தே கேட்க வேண்டும். பறவை ஆர்வலர்கள் இரண்டாவதை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறார்கள். மருந்துக் கடைக்காரர் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கிறார். நீலத்தாழைக்கோழி நெல் தூரைக் கெடுப்பது உண்மைதான். ஏரியை ஒட்டிய நாலு வயலுக்குத்தான் அந்த இழப்பு, நன்மையோ ஆயக்கட்டு முழுசுக்கும். இழப்பை அந்த நாலு பேர் தலையிலேயே கட்டுவது ஞாயமில்லை. காப்பிடத்தை ஒட்டிய வயல்களுக்கு இழப்பீடு வேண்டும் என்று நம் இயக்கம் பேசியாக வேண்டும் என்பது என் எண்ணம்.

ஏரிப் பறவையும் ஆயக்கட்டும் ஒன்றுக்கொன்று எப்படி உதவும் என்பதற்கு நம் மண்ணிலேயே பழைய சான்று இருக்கிறது: வேடந்தாங்கல். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் ஆட்சியரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமைச் சீட்டு வாங்கிவிட்டார்கள். அருள் உணர்ச்சி மட்டும் காரணமில்லை. மரத்திலிருந்து எச்சம் தண்ணீரில் விழுகிறது, அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்கு வருகிறது, நெல் கறுத்து வளருகிறது. உரக்கடை இல்லாத காலத்தில் அவர்கள் கண்ணால் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டது இது. தழைச்சத்தும் மணிச்சத்தும் என்று இன்றைக்கு நாம் பேர் சொல்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் காப்பிடத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை.

காரைவெட்டியில் இன்னொரு சுற்று நடக்கிறது. வயலில் இரவெல்லாம் மேய்ந்த வாத்து, பகலில் ஏரியில் வந்து எச்சமிடுகிறது. வயலில் சிந்தின நெல்லும் களைவிதையும் எருவாகி ஏரிக்குப் போய், மதகு வழியே மறுபடி வயலுக்கு வருகிறது. கூலியில்லாத வண்டிச் சத்தம்.

இனி நஞ்சைப் பற்றிப் பேசலாம். வாத்து வயலில் மேய்கிறது என்றால் வயலில் போட்டதெல்லாம் வாத்துக்குள்ளும் போகிறது. வயலில் தெளித்ததெல்லாம் மழைக்கு வழிந்து அடுத்த ஏரிக்குப் போகிறது.

2017-ஆம் ஆண்டு பருத்திப் பருவத்தில் பெரம்பலூர் மாவட்டத்தில் மருந்தடிக்கும்போது உழவர்கள் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். அதே பருவத்தில் மராட்டியத்தின் யவத்மாலிலும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் ஊரில் ஒருவர் மயங்கி விழுந்து, எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தார். ஆள் உயரத்துக்கு வளர்ந்த பருத்திக்குள் நின்றுகொண்டு, காற்று எதிரே வீச, விசைத்தெளிப்பானால் அடித்திருக்கிறார். மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகள் வேலை செய்யும் விதம் இதுதான்: நரம்பு வழியாக ஒரு சேதி போய்ச் சேர்ந்ததும், அதை அணைத்துவிட உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். சேதி அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எச்சில் வழியும், கண்ணில் நீர் வடியும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். புழுவுக்கும் அதே நொதி, கொக்குக்கும் அதே நொதி, நமக்கும் அதே நொதி. புழுவைக் கொல்ல எவ்வளவு, ஆளைக் கொல்ல எவ்வளவு என்பதில் மட்டும்தான் வித்தியாசம். பறவைக்கு இந்த மருந்து மிகக் கொஞ்சம் போதும்.

அர்சென்டினாவில் 1995-96 பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஊர்ப் புல்வெளிகளுக்கு வட அமெரிக்காவிலிருந்து ஒரு வகைப் பருந்து வலசை வரும். நம்மூர்ப் பருந்து போல எலி, கோழிக்குஞ்சு என்று அலையாது. அங்கே இருக்கும் நாளெல்லாம் வெட்டுக்கிளியே அதற்கு உணவு. வெட்டுக்கிளி பெருகியதும் உழவர்கள் மோனோகுரோட்டோபாஸ் அடித்தார்கள். செத்தும் சாகாமலும் துடித்த வெட்டுக்கிளியைத் தின்று ஆயிரக்கணக்கான பருந்துகள் வயலிலேயே விழுந்து கிடந்தன. வெட்டுக்கிளியைத் தின்ன எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த கூலியில்லா வேலையாட்கள் அவை. பிறகு அந்த நாடு அந்த மருந்தையே விலக்கியது.

குருணை மருந்து இன்னும் கொடுமை. கார்போபியூரான் குருணையைப் பறவை விதை என்று நினைத்துப் பொறுக்கிவிடும். வேண்டுமென்றே அரிசியில் கலந்து கொக்குக்கும் வாத்துக்கும் வைக்கிற ஆட்களும் ஏரிப் பக்கங்களில் இருக்கிறார்கள். அப்படிப் பிடித்த வாத்தைக் காசு கொடுத்து வாங்கிக் குழம்பு வைப்பவர், தன் பிள்ளைக்கு எதைப் பரிமாறுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

எங்கள் கூட்டத்தில் இதைப் பேசும்போது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, நான் எட்டு வருசமா நஞ்சு தொடலை. எங்காட்டுல கொக்கு வருது, கரிச்சான் வருது. ஆனா பக்கத்துக் காட்டுல பருத்திக்கு வாரம் ஒரு மருந்து. எங்காட்டுல புழு தின்ன கரிச்சான் அங்க போய்த் தின்னு சாவுது. நான் வளர்த்து அவன் கொல்றானே, என்னதான் பண்றது?"

யாருக்கும் உடனே பதில் வரவில்லை. பறவைக்கு வரப்பு கிடையாது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கரை நஞ்சில்லாமல் வைத்துக்கொண்டால் நம் சோற்றில் நஞ்சு குறையும், அது உறுதி. ஆனால் பறவையைக் காக்க அது போதாது. அதற்கு நாலு காடு, பத்துக் காடு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். சப்பானில் தொயோக்கா என்னும் ஊரார் இதைத்தான் செய்தார்கள். அங்கே வயல்களில் மேயும் வெண்ணாரை, மருந்தாலும் வாழிடம் போனதாலும் 1971-இல் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் அழிந்துபோனது. கூண்டில் வளர்த்த நாரைகளை 2005-இல் மறுபடி வெளியே விட்டார்கள். விடுவதற்கு முன்பே உழவர்களிடம் பேசி வயலைத் தயார் செய்தார்கள். மருந்தை விட்டார்கள் அல்லது மிகவும் குறைத்தார்கள். நடுப்பருவத்தில் தண்ணீரை வடிப்பதைச் சில நாள் தள்ளிப்போட்டார்கள். ஏனென்றால் தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கும் முன் தண்ணீர் வடிந்தால் தவளை இல்லை. தவளை இல்லையென்றால் நாரைக்குச் சோறு இல்லை. அந்த அரிசியை நாரையின் பேரிலேயே விற்கிறார்கள். கூடுதல் விலை கிடைக்கிறது.

காரைவெட்டி ஆயக்கட்டில் இது முடியாதா? வரித்தலை வாத்து படம் போட்ட சாக்கில் நஞ்சில்லாத அரிசி. மதகு ஒன்றுக்கு ஒரு குழுவாக, ஒரு தொகுப்பு வயலில் தொடங்கலாம். திருமானூர் நண்பர்கள் இரண்டு பேரும் அடுத்த சம்பாவுக்கு அக்கம்பக்கத்து நாலு வயல்காரர்களிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏரி இல்லாத மானாவாரிக்காரர் என்ன செய்வது என்பது என்னைப் போன்றவர்களின் கேள்வி. பெரம்பலூர்க் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும்தான் நம் பிழைப்பு. 2018-இல் படைப்புழு இந்தியாவுக்குள் வந்ததும் முதல் அடி வாங்கின தமிழக மாவட்டங்களில் நம் இரண்டும் உண்டு. அப்போதிலிருந்து பறவைத் தாங்கி வைக்கச் சொல்லி எல்லாரும் சொல்கிறார்கள்.  தாங்கி வைத்தால் புழு எல்லாம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். படைப்புழு குருத்துக்குள் ஒளிந்துகொண்டு, தன் கழிவாலேயே வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே போனபின் கரிச்சானுக்கு எட்டாது. வெளியே அந்துப்பூச்சியாகப் பறக்கும்போதும், பொரித்த இளம்புழு இலைமேல் திரியும்போதும்தான் பறவை பிடிக்கும். ஆகவே தாங்கி விதைத்த பத்தாம் நாளே நிற்க வேண்டும். பயிர் தாங்கியை மூடும் உயரம் வந்துவிட்டால் அதனால் பயனில்லை. கம்பு, சோளம் போட்டவர்கள் மணி பால் பிடித்ததும் தாங்கியைக் கண்டிப்பாகப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தின்ன வந்த விருந்தாளிக்கு நாமே நாற்காலி போட்டதாகிவிடும். வரப்போரம் தட்டைப்பயறு, எள், துவரை வைத்தால் பூச்சிவகை கூடும், பூச்சியைத் தேடி வரும் குருவிவகையும் கூடும்.

தாங்கிக்கு நட்ட கம்பில் ஒன்றிரண்டை உயரமாக விடுங்கள். இரவில் கூகை உட்காரும். கூகையைச் சாவுக்குருவி என்று விரட்டுகிறோம். அது ஓர் இரவுக்கு இரண்டு மூன்று எலி பிடிக்கும். குஞ்சு இருந்தால் இன்னும் அதிகம். எலிக்கு விசம் வைக்கிற காட்டில் கூகையைத் தேடாதீர்கள். விசம் தின்று தள்ளாடுகிற எலியைத்தான் அது முதலில் பிடிக்கும்.

பண்ணைக்குட்டை வெட்டுகிறவர்களுக்குக் காரைவெட்டி ஓரத்தில் நான் கற்றதைச் சொல்கிறேன். நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டாமல் ஒரு பக்கத்தை மட்டும் சரிவாக இறக்குங்கள். ஓரடி ஆழத்துக்கு நாலைந்து அடி நீளம் என்ற கணக்கில் போதும். கொஞ்சம் தண்ணீர்க் கொள்ளளவு குறையும்தான். ஆனால் அந்தச் சரிவில் கோரை வரும், தவளை வரும், தட்டான் வரும், உள்ளான் வரும். விழுந்த ஆட்டுக்குட்டியும் ஏறி வரும், விழுந்த பிள்ளையும் ஏறி வரும். தார்ப்பாய் விரித்த குட்டையில் ஏற வழியில்லாமல் செத்த நாய்களையும் மயில்களையும் பார்த்திருக்கிறேன்.

மயில் என்றதும் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வரும். நட்ட வெங்காயத்தைக் கிளறிப் போட்டுவிட்டுத் தோகை விரித்து ஆடுகிற அழகை ரசிக்க நம்மால் முடியாது. நரியும் காட்டுப்பூனையும் போய்விட்ட காட்டில் மயில் பெருகத்தான் செய்யும். இதற்கு நான் எளிய மருந்து எதுவும் சொல்லப்போவதில்லை. சிறுதானியக்காரர்களுக்கு மட்டும் ஒரு சேதி: ஊரில் ஒரே ஆள் கம்பு போட்டால் ஊர்க்குருவி முழுசும் அவர் காட்டில்தான். பத்துப் பேர் ஒரே வாரத்தில் விதைத்தால் இழப்பு பத்தாகப் பிரியும். முன்னே அப்படித்தான் இருந்தது. கம்பு விளைந்த ஊரில் குருவி ஓட்டுவது பிள்ளைகளின் வேலை, அதற்கே பரண் இருந்தது.

தானியம் தின்கிறது என்று குருவியை அடியோடு ஒழிக்கப் பார்த்த நாடும் உண்டு. சீனாவில் 1958-இல் தட்டும் தகரமும் அடித்து, குருவியை உட்கார விடாமல் பறக்கவிட்டே கொன்றார்கள். அடுத்த ஆண்டுகளில் வெட்டுக்கிளியும் புழுவும் பெருகின. 1960-இல் ஒழிக்க வேண்டிய பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அந்தக் காலத்துப் பெரும் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. குருவி போனதும் அதில் ஒன்று.

அடுத்து நோட்டு. மழைக்கணக்கு எழுதும் அதே நோட்டில் பறவைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம், கால் மணி. பேர் தெரியாவிட்டால் "நீள மூக்கு, பழுப்பு, சேத்துல குத்துது" என்று எழுதினாலும் போதும். எது வந்தது என்பதைவிட எத்தனை வந்தது, எந்த வாரம் நின்றுபோனது என்பது முக்கியம். பக்கத்துக் காட்டில் மருந்தடித்த வாரம் எண்ணிக்கை என்ன ஆனது என்பதை இரண்டு வருசம் எழுதி வைத்தால், பக்கத்துக் காட்டுக்காரரிடம் சண்டை போடாமல் நோட்டை நீட்டிப் பேசலாம். அந்தத் தம்பிக்கு நாங்கள் கடைசியில் சொன்னது இதுதான். ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015-இலிருந்து நடத்துகிறார்கள். அதில் யார் வேண்டுமானாலும் தன் வீட்டு வாசலிலிருந்தோ, கொல்லையிலிருந்தோ கால் மணி நேரம் எண்ணிச் சேர்க்கலாம். மாட்டுப்பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் காயும் நேரம் போதும்.

நேரில் பார்க்க விரும்புவோருக்கு: கார்த்திகைக்கு முன்னால் போகாதீர்கள், ஏரி நிறைந்து வாத்து வந்து சேர வேண்டும். மார்கழியும் தையும் மாசியும் நல்ல மாதங்கள், பங்குனியில் கிளம்பிவிடும். அரியலூர் தஞ்சாவூர் சாலையில் கீழப்பழுவூரில் இறங்கிக் கேட்டால் வழி சொல்வார்கள். மூன்று மணிக்குக் கரையில் இருங்கள், பொழுது சாயும்வரை இருங்கள். இருட்டத் தொடங்கும்போது வாத்துகள் பத்து இருபதாக ஏரியை விட்டு வயல் பக்கம் எழும்பிப் போகும். சிவப்புச் சட்டை வேண்டாம். கைப்பேசியைச் சத்தமில்லாமல் வையுங்கள். சோற்றுப் பொட்டலத்தின் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள். கரையில் மதகு பார்க்க வரும் ஆயக்கட்டுக்காரர் யாரையாவது பார்த்தால் முதலில் வணக்கம் சொல்லிவிட்டு, இந்த வருசம் எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்று கேளுங்கள்.